ஒரு சரி அடையாளம்

பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது சாருஜா மறுபடி வேலையைத் தொடங்கினாள். அதற்காக அவள் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் இருந்த தன் வீட்டின் நடு அறையில் மேசையைப் போட்டு, நிறுவனம் கொடுத்திருந்த மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். அவ்வளவுதான்.

லண்டனில் வாடகை வீடுகளைப் பராமரிக்கும் நிறுவனம் அது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கிளை அலுவலகம் வைத்திருந்தது. அங்கே சிலர் இருந்து வேலை செய்தார்கள், மற்றவர்கள் வீடுகளில் இருந்து செய்தார்கள். குழாய் ஒழுகுகிறது, சூடாக்கி நின்றுவிட்டது, கதவுப்பூட்டு திறக்க மறுக்கிறது என்று லண்டனில் குடியிருப்பவர்கள் அனுப்பும் முறைப்பாடுகளை வாசித்து, திருத்துகிற ஆளுக்கு உடனே அனுப்பிவிடுவது சாருஜாவின் வேலை. லண்டனில் காலை தொடங்கும்போது இங்கே மத்தியானம் ஆகிவிடும். அந்த நேரம் தொடங்கி இரவுச் சாப்பாடு வரை அவள் கதிரையில் இருக்கவேண்டும்.

கணவன் நிருஷன் சந்தையடியில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்கு நின்றான். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது அவனுடைய அக்கா உதயகலா. பிள்ளைக்குப் பசித்தால் உதயகலா வந்து தலையாட்டுவாள். சாருஜா பக்கத்து அறைக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். தாய்மாருக்கு அந்த இடைவேளை உண்டு என்று நிறுவனமே சொல்லியிருந்தது.

அவள் திரும்பி வரும்போது கணினி உறங்கியிருக்கும். விசையைத் தட்டினால் திரை வெளிக்கும். பாஸ்வேட் அடித்தால் திறக்கும். ஆனால் லண்டன் கணினிகளுக்குள் நுழைவதற்கு இருந்த ஒரே வாசலான வி.பி.என். மட்டும் விழிக்காது. இணைப்பு இருக்கிறது என்று பச்சையாகக் காட்டும், உள்ளே போனால் ஒரு பக்கமும் வராது. துண்டித்துவிட்டு மறுபடி இணைத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். வீட்டு இணையத்தில் பிழையில்லை. அதே நேரம் உதயகலாவின் போனில் நாடகம் தடங்கலில்லாமல் ஓடும். கணினியை முழுதாக அணைத்துத் திரும்பப் போட்டால்தான் வாசல் திறக்கும். அந்தக் கணினிக்கு மெல்ல, ஆறுதலாகத்தான் எழும்பத் தெரியும். அது எழும்பும் வரைக்கும் சாருஜா வேலையில் இல்லை என்று லண்டனில் பதிவாகும்.

கணினிப் பிரச்சினைகளுக்கு அலுவலகத்தில் கோகுலன் இருந்தான். மயிலிட்டிப் பெடியன். கடற்தொழில் செய்த குடும்பம். வீட்டில் முதன்முதலாகச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் அவன்தான். சாருஜா அவனுக்குப் போன் எடுத்து விபரம் சொன்னாள்.

"சிலீப்புக்குப் போய் வந்தால் மட்டும்தானோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. மற்றும்படி ஒரு பிரச்சினையும் இல்லை."

"சரி. நான் பார்த்துச் சொல்லுறன்."

பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. இதே வகைக் கணினியில் வீட்டிலிருந்து வேலை செய்த பண்டத்தரிப்புக் கேதீஸ்வரிக்கும் முன்பு இதே கோளாறு வந்து, கோகுலன்தான் தீர்த்திருந்தான். கணினி உறங்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, இணையத்தை வாங்கும் சாதனத்தையும் சேர்த்து அணைத்துவிடுகிறது. விழித்த பிறகு சாதனம் வந்துவிடும், ஆனால் வி.பி.என். பழைய தொடர்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அமைப்புகளுக்குள் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் சரி. நிர்வாகியின் பாஸ்வேட் வேண்டும். அது கோகுலனிடம் இருந்தது. அலுவலகத்தில் இருந்துகொண்டே சாருஜாவின் கணினிக்குள் போய் அவனால் அதைச் செய்யமுடியும்.

மேற்பார்வையாளர் அருட்செல்வனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வோம் என்று போனான்.

"வேண்டாம்," என்றார் அருட்செல்வன்.

"ரெண்டு நிமிச வேலை சேர்."

"அது எனக்கும் விளங்குது. கதவைச் சாத்திப்போட்டு இரும்."

கோகுலன் கதவைச் சாத்திவிட்டு இருந்தான்.

"உம்மை இன்னும் நிரந்தரமாக்கேல்லை, என்ன?"

"இல்லை சேர்."

"அதுக்கு நான்தான் எழுதவேணும். எழுதுவன். பாரும் கோகுலன், என்ரை மனுசியின்ரை தங்கச்சி பிரசாந்தி படிச்சு முடிச்சிட்டு வீட்டிலை இருக்கிறாள். மாமி ஒவ்வொரு நாளும் என்னைத் தின்னுறா. லண்டன்காரன் புதுசா ஆள் எடுக்க விடுறானில்லை. ஆரும் போனால்தான் ஆரையும் போடலாம். நான் ஒருத்தரையும் தள்ளேல்லை. அந்தப் பிள்ளையின்ரை கொம்பியூட்டர்தான் அவவைத் தள்ளுது. நீர் கையை வைக்காமல் இருந்தால் காணும்."

"அவ கேட்டால் என்ன சொல்லுறது?"

"என்னத்தையாவது சொல்லும். நீர்தானே படிச்சனீர்."

அன்று பின்னேரம் கோகுலன் சாருஜாவுக்கு எடுத்து, ரவுட்டரைக் கணினிக்குக் கிட்ட வைக்கச் சொன்னான்.

அவள் வைத்தாள். இரண்டு நாள் கழித்து அது பழைய ரவுட்டர் போல, புதுசு வாங்கிப் பாருங்கள் என்றான். நிருஷன் முணுமுணுத்துக்கொண்டு புதுசு வாங்கி வந்து, சுவரில் துளை போட்டுக் கொழுவினான். பிறகு காற்றில் வரும் இணையம் சரிவராது, வயர் இழுக்கவேண்டும் என்றான். யன்னல் கம்பிக்குள்ளால் நீல வயர் ஒன்று நடு அறைக்கு வந்தது. பாஸ்வேட்டை மாற்றச் சொன்னான், மாற்றினாள். முதலில் அவளுடைய அழைப்பு வந்தால் கோகுலன் மணி அடித்து ஓயும் தறுவாயில்தான் எடுப்பான். போகப் போக அது நின்றுவிட்டது. அடுத்ததாக என்ன சொல்லலாம் என்று மோட்டார் சைக்கிளில் வரும்போதே யோசித்துக்கொண்டு வருவான். உண்மை போலத் தெரியும் ஒன்று கிடைத்தால் மனதுக்குள் ஒரு சின்னத் திருப்தியும் வந்தது.

ஒருநாள் கணினியைக் கொண்டுவரச் சொன்னான். சாருஜா பிள்ளையை விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் நகரத்துக்கு வந்தாள். கையில் கணினிப் பை, மற்றக் கையில் வளவில் பழுத்த பலாப்பழத்தைச் சுளை சுளையாக எடுத்துப் போட்ட ஒரு டப்பா.

"உங்களைப் போட்டு நெடுகக் கரைச்சல் படுத்திறன் அண்ணை. குறை நினைக்காதேங்கோ," என்றாள்.

கோகுலன் கணினியை உள்ளே கொண்டுபோய்த் தன் மேசையில் வைத்தான். திறக்கவில்லை. வேறு வேலைகளைப் பார்த்தான். அவள் வெளியே மர வாங்கில் இருந்தாள். நேரம் போகப் போக அவளுக்கு மார்பு கட்டி நோவெடுத்தது. கழிப்பறைக்குள் போய்ப் பாலைப் பீச்சி ஊற்றிவிட்டு வந்து மறுபடி இருந்தாள். மத்தியானம் கிட்டியபோது கோகுலன் பையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"எல்லாம் பார்த்திட்டன் தங்கச்சி. இனி வராது."

உள்ளே அருட்செல்வன் டப்பாவைத் திறந்து ஒரு சுளையை வாயில் போட்டார். "தென்மராட்சிப் பழம் எண்டால் பழம்தான்," என்றார். கோகுலனும் சாப்பிட்டான்.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்போது எல்லோரும் திரையில் முகம் காட்டும் ஒரு கூட்டம் இருக்கும். அதில் அருட்செல்வன் சாருஜாவைக் கடைசியாக எடுப்பார்.

"சாருஜா, நேற்றும் விடுபட்டிருக்கு. லண்டன்காரன் வீட்டுக்குள்ளை வெள்ளம் எண்டு கத்திறான். நீர் எங்கை நிண்டனீர்?"

"பிள்ளைக்குப் பால் குடுத்திட்டு வந்தனான் சேர். வந்து பார்க்க வி.பி.என். வரேல்லை."

"ஒரு பிள்ளைதானே? இரட்டை இல்லையே?"

யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். சாருஜாவும் சிரித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவளுடைய பெயர் வரும்போது யாராவது ஒருவர் பால்போத்தல் படம் போடுவது வழக்கமாயிற்று.

வழி கண்டுபிடித்தது உதயகலா.

"கொம்பியூட்டர் நித்திரை கொண்டால்தானே கரைச்சல்? கொள்ள விடாமல் பார்த்தால் சரிதானே. நீ பிள்ளையைப் பார். நான் உந்த எலியைப் பிடிச்சு ஆட்டிக்கொண்டு இருக்கிறன்."

அப்படியே செய்தார்கள். சாருஜா உள்ளே பால் கொடுக்கும்போது உதயகலா மேசையில் இருந்து மவுஸை மெல்ல அசைத்துக்கொண்டிருப்பாள். கணினி உறங்கவில்லை. வி.பி.என். விடுபடவில்லை. ஒரு கிழமை முழுக்கச் சாருஜாவின் பெயரில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு கிழமையும் அவள் வயிறாரச் சாப்பிட்டாள், பிள்ளையோடு விளையாடினாள், நிருஷனோடு சண்டை பிடிக்கவில்லை.

குறை வராததை அருட்செல்வன் கவனித்தார். முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாள் வீடியோ அழைப்பு எடுத்தார். திரையில் பச்சைப் பொத்தான் ஒன்று துள்ளியதும் உதயகலா பயந்துபோய் அதை அழுத்தினாள். வீட்டுச் சட்டையோடு, தலைமுடியைக் கொண்டை போட்டபடி இருந்த உதயகலாவின் முகம் அலுவலகத்துப் பெரிய திரையில் வந்தது.

"நீங்கள் ஆர் அம்மா?"

"நான்... நான் சாருஜாவின்ரை மச்சாள். அவ பிள்ளைக்கு..."

"கம்பனிக் கொம்பியூட்டரிலை நீங்கள் என்ன செய்யிறியள்?"

சாருஜா சட்டையை இழுத்து மூடிக்கொண்டு ஓடிவந்தபோது அவர் அழைப்பைத் துண்டித்திருந்தார். மாலையே எச்சரிக்கை வந்தது. வெளியாளைக் கணினியைத் தொடவிட்டது, வேலை செய்வது போலப் பாசாங்கு செய்தது என்று இரண்டு குற்றங்கள். இன்னொரு தடவை விடுபட்டால் வேலை இல்லை.

உதயகலா குசினிக்குள் போய் அழுதாள். "நான் அதை அமத்தாமல் விட்டிருக்கலாம்," என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

சாருஜா அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு இருந்து, தன் கணினியின் பெயரையும் தன் பிரச்சினையையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடினாள். உலகத்தில் எத்தனையோ பேருக்கு இதே கோளாறு இருந்தது. ஒருவர் படத்தோடு விளக்கம் போட்டிருந்தார். இன்ன இடத்துக்குப் போ, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு வரி இருக்கும், அதன் முன்னால் உள்ள சரி அடையாளத்தை எடு. கீழே நன்றி சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. சாருஜா தன் கணினியில் அந்த இடத்தைத் தேடிப் போனாள். அப்படியே இருந்தது. கையை வைத்ததும் நிர்வாகியின் பாஸ்வேட் கேட்டது.

உடனே கோகுலனுக்கு எடுத்தாள்.

"அண்ணை, கண்டுபிடிச்சிட்டன்! அதிலை ஒரு சரி அடையாளம் இருக்கு, அதை எடுத்தால் சரியாம். உங்கடை பாஸ்வேட் கேக்குது. நீங்கள் உள்ளை வந்து எடுத்துவிடுறியளோ?"

கோகுலன் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தான். அருட்செல்வன் யாரோடோ போனில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை?"

"இருக்கிறன். தங்கச்சி, உதிலை கையை வையாதேங்கோ. இன்ரநெற்றிலை ஆயிரம் பேர் ஆயிரத்தைச் சொல்லுவினம். எங்கடை மெஷினுக்கு அது சரிவராது. அதை எடுத்தால் மெஷின் செத்துப்போகும், பேந்து அதுக்கும் உங்களைத்தான் கேப்பினம்."

"எல்லாரும் சரிவந்தது எண்டு போட்டிருக்கினம் அண்ணை."

"நான் படிச்சது இதைத்தானே தங்கச்சி. உங்களுக்குப் பிழையானதைச் சொல்லுவனோ?"

"ஐயோ இல்லை அண்ணை. நான் அப்பிடிச் சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவள் மன்னிப்புக் கேட்டதைக் கோகுலன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு சாருஜா கதிரையை விட்டு எழும்பவில்லை. பிள்ளைக்குப் பால்மா வாங்கினார்கள். பிள்ளை போத்தலைத் தட்டிவிட்டு வீறிட்டு அழுதது. சுவருக்கு அப்பால் அது அழ அழ இவளுக்குப் பால் தானாகச் சுரந்து சட்டை நனைந்தது. நனைந்த சட்டையோடு லண்டனில் யாருடையதோ குளியலறைக் குழாய் ஒழுகுவதை வாசித்துத் திருத்துநருக்கு அனுப்பினாள். முதல் நாள்களில் காய்ச்சல் வந்தது. நோ தணிய மார்பில் முட்டைக்கோவா இலையை வைத்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். கொஞ்ச நாளில் பிள்ளை போத்தலுக்குப் பழகியது. சுரப்பது குறைந்தது, பிறகு நின்றுபோயிற்று.

"நீர் இந்த வேலையை விடும்," என்றான் நிருஷன். "பிள்ளை படுற பாட்டைப் பாக்க ஏலேல்லை எனக்கு."

"இவ்வளவையும் பொறுத்திட்டு இப்ப விடவோ? கோகுலன் அண்ணை ஒரு வழி பார்க்கிறார். அவர் ஒருத்தர்தான் அங்கை மனுசர்."

பால் நின்று இரண்டு கிழமையிருக்கும். மாரி மழைக்கு மின்சாரம் நின்றது. பற்றரி இறங்கிக் கணினி உறங்கி, மின்சாரம் வந்ததும் விழித்தது. வி.பி.என். வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு லண்டன் வீட்டின் கூரை ஒழுகி முறைப்பாடு வந்து, பார்க்க ஆளில்லாமல் கிடந்தது. அடுத்த நாள் வேலைநீக்கம் மின்னஞ்சலில் வந்தது. கணினியை அலுவலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று அடியில் இருந்தது.

அவள் போனபோது அலுவலகத்தில் ஒரு புதுப் பெண் கதிரையில் இருந்தாள். அருட்செல்வன் பக்கத்தில் நின்றார்.

"இது பிரசாந்தி," என்றார் பொதுவாக. பிறகு, "கோகுலன், அந்தக் கொம்பியூட்டரை வாங்கிப் பிரசாந்தியின்ரை பேரிலை மாத்தும். உந்த விடுபடுற வருத்தத்தையும் இப்பவே முடிச்சுக் குடும். அவள் பின்னேரம் வேலை தொடங்கவேணும்," என்றார். சாருஜா கேட்டுக்கொண்டு நிற்பதைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை.

கோகுலன் கணினியை வாங்கினான். "நீங்கள் வெளியிலை இருங்கோ தங்கச்சி. ஒப்படைச்சதுக்குப் பற்றுத்துண்டு நான் கொண்டுவந்து தாறன்."

"இல்லை அண்ணை. இதிலையே நிக்கிறன்."

அவன் பெயரை மாற்றினான். பிறகு அமைப்புகளுக்குள் போனான். அடுத்தடுத்துத் திறந்த பெட்டிகளைச் சாருஜா அடையாளம் கண்டாள். அவள் போனில் பார்த்து, பிறகு தானே தேடிப் போய்ப் பாஸ்வேட் இல்லாமல் திரும்பிய அதே இடம். கோகுலனின் கை அங்கே நின்றது.

"என்ன, மறந்துபோச்சோ?" என்றார் அருட்செல்வன்.

கோகுலன் பாஸ்வேட் அடித்தான். சரி அடையாளத்தை எடுத்தான். கணினியை மூடினான். கொஞ்சம் பொறுத்துத் திறந்தான். வி.பி.என். பச்சையாக வந்தது. லண்டன் பக்கம் உடனே திறந்தது.

"உதுதானே அண்ணை நான் கேட்டனான்?" என்றாள் சாருஜா.

கோகுலன் குனிந்து பற்றுத்துண்டை எழுதத் தொடங்கினான்.

"மெஷின் செத்துப்போகும் எண்டு சொன்னனீங்கள்."

"சாருஜா, உம்மடை அலுவல் முடிஞ்சுது," என்றார் அருட்செல்வன்.

"என்ரை பிள்ளை இப்ப என்னட்டைப் பால் குடிக்கிறேல்லை அண்ணை." அவள் கோகுலனின் முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள். குரல் உயரவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஒவ்வொரு நாளும் திரையில் அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன அத்தான், என்ன பிரச்சினை?" என்று பிரசாந்தி கேட்டாள்.

"ஒண்டுமில்லை. வேலையாலை போறவை அப்பிடித்தான். நீர் வாரும், மற்றாக்களுக்கு அறிமுகப்படுத்திறன்."

துண்டை வாங்கிக்கொண்டு சாருஜா படியிறங்கினாள். சாவகச்சேரி பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். நிருஷன் கடைக்குப் போய் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டான். அவனைப் பிடித்து நிறுத்துவதற்குள் சாருஜாவுக்கும் உதயகலாவுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அப்ப நான் அந்தப் பச்சையை அமத்தினதாலை இல்லையோ?" என்று உதயகலா கேட்டாள்.

"இல்லை மச்சாள். அதாலை இல்லை. முதலே முடிவெடுத்திட்டினம்."

உதயகலா தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் யாருடைய போனையும் தொடுவதில்லை.

சாருஜா வேறு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஓரிடத்தில் நேர்முகம் நல்லபடியாக நடந்தது. அவர்கள் பழைய இடத்துக்கு எடுத்து விசாரித்தார்கள். "நல்ல பிள்ளை," என்றார் அருட்செல்வன். "இணைப்புத்தான் நம்பேலாது." பிறகு அவர்களிடமிருந்து செய்தி வரவில்லை. கடைசியில் நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்த ஒரு போட்டோப்பிரதிக் கடையில், சட்டத்தரணிமாருக்குப் பத்திரம் ரைப் பண்ணும் வேலைக்குப் போனாள். சம்பளம் முந்தினதில் பாதியும் இல்லை. பஸ் சத்தம், தூசி, நாள் முழுக்க வழக்குக்கு வந்த சனம். பிள்ளை வீட்டில் போத்தலோடு உதயகலாவிடம் இருந்தது.

தை பிறந்து ஒருநாள் கோகுலனின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. அவனை நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்று யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சாருஜா கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்கோ."

"தங்கச்சி... நான் கோகுலன்."

"தெரியும். சொல்லுங்கோ."

பின்னால் கதவு திறக்கும் சத்தமும் அருட்செல்வன் யாரையோ கூப்பிடும் குரலும் கேட்டன.

"அந்த லப்டொப்பின்ரை சார்ஜர்... நீங்கள் தந்தனீங்களோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"பையின்ரை முன் அறைக்குள்ளை வைச்சுத் தந்தனான். நீங்கள்தான் எண்ணி வாங்கித் துண்டு தந்தனீங்கள்."

"ஓம்... ஓம், இருக்கும். பார்க்கிறன்."

அவன் வைக்கவில்லை. அவன் சார்ஜருக்காக எடுக்கவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. ஒரு சொல்லை அவள் எடுத்துக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவன் மிச்சத்தைச் சொல்லிவிடுவான். ஒரு தரம் 'அண்ணை' என்று கூப்பிட்டாலே அவனுக்குப் போதும். சாருஜா கூப்பிடவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவன் தவிக்கும் வரை தவிக்கட்டும் என்று பேசாமல் நின்றாள்.

"வேறை என்ன?" என்று பிறகு கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"அப்ப வையுங்கோ. இஞ்சை சனம் நிக்குது."

அவள்தான் முதலில் வைத்தாள். வைத்த கையோடு அந்த இலக்கம் இனி வராதபடி செய்துவிட்டு, முன்னால் நின்ற கிழவரின் காணி உறுதிப் பத்திரத்தை வாங்கி விரித்தாள்.